ஐந்து அம்புகளும் ஒரு கிழட்டு லாரியும்

புனித செபஸ்தியாரின் உடம்பிலிருந்து முதல் அம்பு விழுந்தபோது லாரி இன்னும் நகரவே இல்லை. இன்ஜின் மட்டும் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது அம்பு கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையின் காலடியில் விழுந்து உருண்டது. மூன்றாவது பங்குச்சாமியாரின் வெள்ளை அங்கியை உரசிக்கொண்டு இறங்கியது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த செபஸ்தியானுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியவில்லை. கூட்டத்தில் எழுந்த சத்தத்தைப் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டு, நாமும் கொஞ்சம் உற்சாகம் காட்டுவோமே என்று ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். மிச்சமிருந்த இரண்டு அம்புகளும் சேர்ந்து விழுந்தன.

ரோமாபுரி வில்வீரர்கள் மெனக்கெட்டுத் தைத்த அம்புகளை மேலச்செங்கரையில் ஒரு கிழட்டு டீசல் இன்ஜின் பிடுங்கிப் போட்டுவிட்டது. மரத்தோடு கட்டப்பட்ட புனிதரின் சுரூபம் மட்டும் குளிர்காய்ச்சல் கண்டவர் மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது.

அம்புகள் வெள்ளி. ஆணி அடித்து நிறுத்தவும் முடியாது, பசை போட்டு ஒட்டவும் முடியாது. நேர்ந்துகொண்டவர்கள் பவனியின்போது ஒவ்வொரு தெரு முனையிலும் ஏறி வந்து, ஓர் அம்பை உருவி, கண்ணில் ஒற்றி, நோயாளிப் பிள்ளையின் நெற்றியில் வைத்துவிட்டுத் திரும்பச் செருகுவார்கள். அது அந்த ஊர் வழக்கம். ஆகவே அம்பு லூசாகத்தான் இருக்கும். வண்டிதான் ஆடாமல் இருக்க வேண்டும்.

கல்லலுக்குத் தெற்கே இருக்கும் மேலச்செங்கரையில் சப்பரம் தூக்கிய தோள்களெல்லாம் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட பிறகு, தை மாதத் திருவிழாவுக்குத் தேர் ஏறுவது செபஸ்தியானின் லாரியில்தான். ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஜனம் முன்னால் நடக்கும். கிழவிகளின் முழங்கால் என்ன வேகம் கொடுக்கிறதோ அதுதான் வண்டிக்கும் வேகம். ரோட்டில் அறுபதில் போகும்போது எல்லா இன்ஜினும் யோக்கியன்தான். நடக்கச் சொன்னால்தான் குட்டு உடையும்.

கொடியேற்றத்தன்று நடந்த அந்த வெள்ளோட்டத்தில் குட்டு, ஊர் முன்னிலையில், கொடிமரத்தின் அடியிலேயே உடைந்தது.

விழாக் கமிட்டிச் செயலாளர் ஜான் பீட்டர் அம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் சுற்றினான். அவன் செபஸ்தியானின் மைத்துனன். மனைவி அடைக்கலமேரியின் உடன்பிறந்த தம்பி. காரைக்குடிப் பள்ளியொன்றில் வாத்தியார். கையில் மைக் இல்லாதபோதும் மைக் இருக்கிற மாதிரியே பேசுவான்.

"அத்தான், கோவிச்சுக்கிறாதீக. இந்த வருசம் காரைக்குடிலருந்து புது வண்டி சொல்லிருவோம். ஒங்க வண்டிய நம்பிச் சாமிய ஏத்த முடியாது."

"ஏன், சாமி ஒங்கிட்ட வந்து புகார் சொன்னாரா?"

"அஞ்சு அம்பும் விழுந்துருச்சுல்ல."

"தச்ச அம்பப் புடுங்கி விட்டா அதுக்குப் பேரு புண்ணியம்டா, பீட்டரு. இத்தன வருசமா நீங்கள்லாம் குத்தி வச்சு வேடிக்கதான பாத்தீக?"

கூட்டம் சிரித்தது. தன் பக்கம் நின்று சிரிக்கிறதா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று செபஸ்தியானுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத இடங்களில் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது வழக்கம். நெஞ்சை நிமிர்த்தினால் தொப்பைதான் முன்னால் வந்தது.

பங்குச்சாமியார் இரண்டு பக்கமும் பார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பவனிக்கு முந்தின நாள், இன்னொரு தரம் ஓட்டிப் பார்ப்போம் என்றார். அம்பு நின்றால் இந்த வண்டி, விழுந்தால் காரைக்குடி வண்டி. அதற்கு மேல் பேச்சில்லை என்று சொல்லிவிட்டு அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லாரி கடக் கடக் என்று இருமியது. செபஸ்தியான் அதனோடு பேசிக்கொண்டே வந்தான். சபையில் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் மரியாதை வேண்டும், நான் உனக்காக வாய் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நீ இப்படிப் பல்லைக் கடிக்கலாமா என்று கேட்டான். லாரி, அடுத்த பள்ளத்தில் ஒரு கதவைத் திறந்து காட்டியது.

மறுநாள் விடிவதற்குள் செய்தி அவனை முந்திக்கொண்டு காரைக்குடிக்குப் போய்விட்டது. பிழைப்பு இருந்ததே அங்கேதான். பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளைப் பிரித்து விற்கிற காலம் அது. தேக்குத் தூண், சரவிளக்கு, ஆள் உயரப் பெல்ஜியம் கண்ணாடி என்று பழஞ்சாமான் கடை வைத்திருந்த சேவுகன், அவற்றையெல்லாம் இதுவரை செபஸ்தியானை நம்பித்தான் ஏற்றினார். மெதுவாகவும் அலுங்காமலும் ஓட்டுகிற ஆள் என்று பெயர். அந்தப் பெயர்தான் அவனுக்கு நிலம், வீடு, மகள் பெனிட்டாவின் காலேஜ் எல்லாம். அன்றைக்குச் சேவுகன் டீ சொல்லி உட்கார வைத்தார். டீ வந்ததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அவர் சாதாரணமாக டீ சொல்லுகிற ஆள் இல்லை.

"தப்பா நெனைக்காதீக. சாமியவே உலுக்குற வண்டியில என் கண்ணாடிய எப்புடி ஏத்துறது?"

செபஸ்தியான் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். வெள்ளிக்கிழமை வெள்ளோட்டத்துக்கு மேலச்செங்கரைக்கு வந்து பார்க்கும்படியும், வரும்போது உடைந்தால் பரவாயில்லை என்கிற சின்னக் கண்ணாடியாக ஒன்றைக் கொண்டுவரும்படியும், அதையும் சுரூபத்தின் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவதாகவும் சொல்லிவிட்டு எழுந்தான்.  

திரும்பும்போது மானகிரியில் பெயிண்டர் கடையைப் பார்த்தான். நிறுத்தினான். லாரியின் பின்பலகையில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னான்: கிழவன்தான், வழி விடு. இன்ஜினைச் சரிபார்க்கும் முன் இதைச் செய்வது முறையா என்று பெயிண்டர் கேட்டான். முறை பார்க்கிற ஆளாக இருந்தால் பத்து வருடத்துக்கு முன்பே வண்டியை விற்றிருப்பேன் என்று செபஸ்தியான் பதில் சொன்னான்.

மெக்கானிக் அழகுசுந்தரம் அன்று மத்தியானமே மொபெட்டில் வந்துவிட்டான். மழைக்காலத்தில் லோடு இல்லாதபோது இன்ஜினை முற்றத்தில் இறக்கி, நட்டு நட்டாகப் பிரித்து, தார்ப்பாயில் பரப்பி, திரும்பப் பூட்டியவன் அவன்தான். அதற்கப்புறம்தான் இந்த இருமல். அழகுசுந்தரத்துக்கு அது கௌரவப் பிரச்சினை. கொக்கு மாதிரி ஒல்லி. பம்பருக்கும் மண்ணுக்கும் நடுவில் நாளிதழ் நுழைகிற மாதிரி நுழைவான். செபஸ்தியான் அந்த இடத்தில் நுழைந்து வெகு காலம் ஆகிறது. தொப்பை வந்ததிலிருந்து கீழே நடப்பதெல்லாம் அவனுக்கு அழகுசுந்தரம் வந்து சொல்லுகிற சேதிதான்.

முதலில் சந்தேகப்பட்டது டீசலை. டேங்கைக் கழுவி, வேறு பங்க்கில் நிரப்பினார்கள். இருமல் அப்படியே இருந்தது. அடுத்தது இன்ஜின் உட்காருகிற ரப்பர்கள். நசுங்கித்தான் இருந்தன, புதிது போட்டார்கள். நடுக்கம் கொஞ்சம் நாகரிகமாயிற்று, நிற்கவில்லை. டீசல் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்ச் சோதித்து வாங்கி வந்தான் அழகுசுந்தரம். வால்வு இடைவெளிகளைச் சரிபார்த்தான். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் கடக் கடக். சோதனைக்காக பானட் மேல் செபஸ்தியான் நிறுத்தி வைத்த தீக்குச்சிப் பெட்டி நடந்துபோய்க் கீழே விழும்.

அடைக்கலமேரி ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் என்றால் வாயால் சொல்லாமல். கையில் எது கிடைத்தாலும் சிலுவை போடுகிறவள் அவள். இட்லி மாவு கரைத்தால் மாவில், அரிசி மூட்டை வந்தால் சுண்ணாம்பால் மூட்டையில், கன்று போட்டால் கன்றின் நெற்றியில், கேபிள் இழுத்த அன்று டி.வி.யின் முதுகில். நாசில்கள் திரும்பி வந்த பொட்டலத்தின் மேலும் விரலால் ஒன்று போட்டாள். பிறகு லாரிக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். டீசல் டேங்கைக் கழுவிய இடம் என்பதால் அழகுசுந்தரம் ஓடிவந்து ஊதி அணைத்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் ஏற்றினாள்.

வியாழக்கிழமை காலையில் அழகுசுந்தரம் வேறு வழி பிடித்தான். ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் குழாயை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். ஒரு சிலிண்டர் மட்டும் நோயாளி என்றால், அதன் குழாயைத் தளர்த்தும்போது சத்தத்தில் மாற்றம் இருக்காது. அதுதான் குற்றவாளி என்று பிடித்துவிடலாம். ஆனால் ஆறு சிலிண்டரில் எதைத் தளர்த்தினாலும் ஒரே மாதிரி இன்ஜின் நொண்டியது, திரும்ப இறுக்கினால் ஒரே மாதிரி இருமியது. ஆறும் வேலை செய்கின்றன. ஆறும் மோசமாக வேலை செய்கின்றன.

செபஸ்தியான் பீடியைக் கீழே போட்டான். "சுந்தரம், கொத்தனார்ல ஒருத்தன் சரியில்லைன்னா அவன வையலாம். ஆறு பேரும் ஒண்ணு போலக் கோணலாக் கட்டுனா யாரப்பா வையிறது?"

"மேஸ்திரிய."

"இங்க மேஸ்திரி யாரு?"

"டைமிங்" என்றான் அழகுசுந்தரம், கொஞ்சம் தயங்கி.

பிஸ்டன் மேலே ஏறி முடிக்கப்போகிற நேரத்தில் பம்பு டீசலைப் பீய்ச்ச வேண்டும். முந்திப் பீய்ச்சினால் நெருப்பு முந்திப் பிடிக்கும். மேலே ஏறிவருகிறவன் தலையில் குத்து விழும். அதுதான் கடக். வேகமாக ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது. நின்று ஓடும்போது முழு வண்டியையும் உலுக்கும். அந்த நேரத்தைக் குறிக்கத்தான் இன்ஜினின் முன்பக்கத்தில், பெல்ட் ஓடுகிற புல்லியின் விளிம்பில் ஒரு குறி இருக்கும். குறி, இன்ஜின் உடம்பில் நிற்கிற முள்ளுக்கு நேரே வரும்போது பம்பு டீசல் விட வேண்டும்.

அழகுசுந்தரம் கீழே நுழைந்து, செபஸ்தியான் முன்னால் கம்பி போட்டு இன்ஜினைத் திருப்ப, நெடுநேரம் பார்த்தான். வெளியே வந்து கையைத் துடைத்தான். குறி முள்ளுக்கு நேரே, மயிரிழை பிசகாமல் இருக்கிறது என்றான். வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று பிளஸ் போட்டிருக்கிறது, பூட்டும்போதும் அதைப் பார்த்துத்தான் வைத்தேன், இப்போதும் அதில்தான் நிற்கிறது என்றான். பிறகு, கொஞ்ச நேரம் மொபெட்டையே பார்த்துக்கொண்டு நின்றவன், சொல்லக்கூடாததைச் சொன்னான்.

"அண்ணே, கேட்டா வருத்தப்படுவீக. இதுக்கு மேல எனக்குத் தெரியல. வயசான இன்ஜினு. பார்ட்டு பார்ட்டா வித்தாக்கூட நல்ல வெல போகும்."

செபஸ்தியான் கம்பியை ஓரமாக வைத்தான். சட்டையைக் கழற்றினான். முற்றத்தில் தார்ப்பாயை விரித்தான். ஜாக்கியை வைத்து முன் அச்சைக் கொஞ்சம் தூக்கினான், கல் முட்டுக் கொடுத்தான்.

"என்னண்ணே செய்யிறீக?"

"விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிறேன்."

தலை உள்ளே போயிற்று. தோள் போயிற்று. தொப்பை பம்பரில் மாட்டிக்கொண்டது. மூச்சை வெளியே விட்டால் போகும் என்று அழகுசுந்தரம் யோசனை சொன்னான். மூச்சை விட்டு நுழைந்தவன், உள்ளே போய் மூச்சை இழுத்ததும் ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொண்டான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் கிடந்தன. கோழியொன்று வந்து அவற்றைப் பரிசோதித்துவிட்டுப் போனது. அடைக்கலமேரி அடுப்படியிலிருந்து வந்து, இதென்ன கூத்து என்று கால்களிடம் கேட்டாள். கால்கள் டார்ச் லைட் கேட்டன.

வெளிச்சம் புல்லியின் மேல் விழுந்தது. துருவும் கிரீஸுமாகக் கறுத்துக் கிடந்த விளிம்பில், அழகுசுந்தரம் சொன்ன மாதிரியே, வெள்ளையாக ஒரு குறி. செபஸ்தியான் அதைப் பார்த்தான். தலையைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தான். பிளஸ் என்றால் நாலு கையும் ஒரே நீளம் இருக்கும். இதில் மூன்று கை குட்டை. ஒன்று மட்டும் நீளம். கீழ்க்கை. டி.வி.யின் முதுகிலும், அரிசி மூட்டையிலும், இப்போது அவன் காதுக்குப் பக்கத்தில் இருந்த ஜாக்கியின் கழுத்திலும் இருந்த அதே குறி, அதே வெள்ளை, அதே அவசரக் கை.

அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்தால் தொப்பை குலுங்கியது. தொப்பை குலுங்கினால் பம்பர் அறுத்தது. வலியோடு சிரித்தான். வெளியே இருந்த இருவரும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து இழுத்தார்கள்.

மண்ணில் உட்கார்ந்தபடியே அவன் அழகுசுந்தரத்தைப் பார்த்தான். "அது பிளஸ் இல்லப்பா. சிலுவ."

அழகுசுந்தரத்துக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற வீட்டுக்காரன். வெள்ளைப் பெயிண்டில் இரண்டு கோடு குறுக்கே போனால் அவன் கண்ணுக்கு அது மெக்கானிக் போட்ட குறி. முன்னால் வேலை பார்த்தவன் விட்டுப்போன அடையாளம் என்று நினைத்திருக்கிறான். "யாருண்ணே போய் அங்க போட்டது?" என்றான்.

"நாந்தேன்" என்றாள் அடைக்கலமேரி.

கல்லறைத் திருநாளுக்கு மாமனார் மாமியார் சிலுவைகளுக்குப் பூசி மிச்சமான வெள்ளைப் பெயிண்ட் டப்பாவில் அடியில் கிடந்திருக்கிறது. காய்ந்து வீணாகப் போவானேன் என்று, முற்றத்தில் தார்ப்பாய் மேல் பரப்பிக் கிடந்த இன்ஜின் சாமான்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறாள். எல்லாவற்றிலும் போட இடமில்லை. எது முதலில் சுத்துதோ அதில் போட்டால் மற்றதுக்கும் சேர்ந்துவிடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் தப்பே சொல்ல முடியாது.

அழகுசுந்தரம் தலையில் கைவைத்தான். "அக்கா, டைமிங் வைக்கிற எடத்துலயா போடுவீக?"

"நான் இன்ஜினுக்குப் போட்டேன். ஒன்னையப் பாத்துப் பூட்டச் சொல்லியா போட்டேன்? சிலுவைக்கும் பிளஸுக்கும் வித்தியாசம் தெரியாம வேல பாத்துட்டு, எஞ்சிலுவையக் கொற சொல்லாத."

 அழகுசுந்தரம் கம்பிப் பிரஷையும் மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். துரு உதிர உதிரத் தேய்த்தான். சிலுவையிலிருந்து ஒரு விரல் தள்ளி, நகத்தால் கீறினது போல ஒரு மெல்லிய கோடு இரும்புக்குள்ளிருந்து எழுந்து வந்தது. அதுதான் அசல். அந்த ஒரு விரல் தூரத்துக்குத்தான் ஆறு சிலிண்டரும் தலையில் குத்து வாங்கிக்கொண்டிருந்தன.

அடுத்ததாகத் துணியில் மண்ணெண்ணெயை நனைத்துச் சிலுவையைத் துடைக்கப் போனான். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த செபஸ்தியான் அவன் கையைப் பிடித்தான்.

"அதுல கை வைக்காத."

"அண்ணே, நாளைக்கி இன்னொருத்தன் வந்து இதப் பாத்து..."

"ஒங்கோட்டுக்கு நீ செகப்பு வச்சுக்க. அது அங்கனயே இருக்கட்டும். வண்டியும் என்னுது, சிலுவையும் என்னுது."

சிவப்புப் பெயிண்டுக்கு எங்கே போவது? பெனிட்டாவின் நகப்பூச்சு வந்தது. காலேஜ் விட்டு வந்து அவள் குப்பியில் பாதியைக் காணோம் என்று குதித்தது தனிக் கதை. அழகுசுந்தரம் மெல்லிய கோட்டில் சிவப்பை இழுத்து, பம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கோட்டை முள்ளுக்கு நேரே நிறுத்தி, முதல் குழாயில் டீசல் சொட்டு நிற்கிற இடம் பார்த்து இறுக்கினான்.

செபஸ்தியான் செல்ஃபை அமுக்கினான். இன்ஜின் பிடித்தது. கடக் என்று ஒன்று வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பானட் மேல் நிறுத்திய தீப்பெட்டி நின்றது. செபஸ்தியான் அதன் மேல் இன்னொன்றை நிறுத்தினான். அதன் மேல் தன் பீடிக்கட்டை நிறுத்தினான். அதுவும் நின்றதும், முகத்தைத் துடைத்துக்கொள்கிற மாதிரி துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். கோயில் வாசலில் லாரி. அதன் பக்கத்தில், முடிவு தெரியும் முன்பே, காரைக்குடிப் புது வண்டி பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டோடு வந்து நின்றது. ஜான் பீட்டர் முன்யோசனைக்காரன். அம்பு விழும் என்று வண்டியை அன்றே வரவழைத்துவிட்டான். சேவுகன்கூட வந்திருந்தார். ஒரு கையடக்கமான கண்ணாடியும் கொண்டு வந்திருந்தார். வேடிக்கைக்குச் சொன்னதை ஆள் நிஜமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜான் பீட்டர் தேர்மேல் ஏறி அம்புகளைச் செருகினான். நன்றாக, ஆழமாகவே செருகினான். அத்தான் மேல் அவனுக்கு விரோதம் ஒன்றும் இல்லை. தோற்றாலும் கண்ணியமாகத் தோற்கட்டும் என்று நினைத்திருப்பான். அந்தக் கண்ணியம்தான் செபஸ்தியானுக்குப் பொறுக்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவந்தான்.

"மாப்ளே, பாதி உருவு."

"என்ன அத்தான்?"

"அம்ப எல்லாம் பாதி உருவு. ஒங்கக்காளுக்கு வாக்கப்பட்ட நாள்லருந்து எனக்கு யாரும் சலுக காட்டுனதில்ல. நீயும் காட்டாத."

பங்குச்சாமியார் உதட்டை மடித்துக்கொண்டார். ஜான் பீட்டர் ஒவ்வோர் அம்பையும் பாதி வரை உருவினான். இப்போது அவை ஊதினால் விழும் போல நின்றன. சேவுகனின் கண்ணாடியும் சுரூபத்தின் காலடியில் சாய்த்து வைக்கப்பட்டது. செபஸ்தியான் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பும் முன், ஊருக்குத் தெரியாமல், ஸ்டீரிங்கின் மேல் பெருவிரலால் ஒரு சிலுவை போட்டான். கீழ்க்கை நீளமாகவே போட்டான்.

லாரி ஓடியது. நகர்ந்தது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றியது. சாக்கடை மூடியின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியது. வாசலில் வந்து நின்று, நின்ற இடத்திலேயே ஓடியது. அம்புகள் பாதி உருவியபடியே, ஐந்தும், புனிதரின் உடம்பில் நின்றன. கண்ணாடியில் கோபுரம் ஆடாமல் தெரிந்தது.

கூட்டம் கைதட்டவெல்லாம் இல்லை. கிழவி ஒருத்தி மட்டும் "இப்ப சாமிக்கிக் காய்ச்ச விட்டுருச்சு" என்றாள். அது போதும்.

ஜான் பீட்டர் கீழே இறங்கிவந்து, என்னதான் கோளாறு அத்தான் என்று கேட்டான். கேட்ட குரலில் இப்போது மைக் இல்லை. செபஸ்தியான் வாயைத் திறந்தான். சிலுவைதான் சாமியை உலுக்கியது என்று சொன்னால் இந்த ஊர் பத்துத் திருவிழாவுக்கு அதைச் சொல்லிச் சிரிக்கும். சிரிப்பு முழுவதும் அடைக்கலமேரியின் மேல் போய் விழும். வழியில் யோசித்து வைத்த பொய் தயாராக இருந்தது. வயசான வண்டி, ஓட்டுகிறவன் கவனிக்கவில்லை, ஒரு போல்ட்டு லூசு, தப்பு என் மேல்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவுக பொய் சொல்றாக. நான் புல்லியில சிலுவ போட்டேன். சுந்தரம் அத டைமிங் குறின்னு பாத்துப் பூட்டிட்டான்."

 ஜான் பீட்டர் அக்காளைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாட்டில் காது சிவந்தது. இனிமேல் இன்ஜின் பக்கம் பெயிண்ட் டப்பாவோடு போகாதே அக்கா என்றான்.

"போவேன். சுந்தரம் கோடு செகப்பு, என்னுது வெள்ள. ரெண்டும் அங்கனதேன் இருக்கு. கண்ணுள்ளவன் பாத்துப் பூட்டட்டும்."

சாமியார்தான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் ஊரே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு எந்தப் பக்கம் என்று செபஸ்தியான் யோசிக்கவில்லை. அடைக்கலமேரி சிரிக்காமல், தலையை நிமிர்த்தி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவள் நிமிர்ந்தால் தொப்பை ஒன்றும் முன்னால் வருவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் அவளிடம் தோற்றே ஆகவேண்டும்.

மறுநாள் பவனியில், புது வண்டியை வீணாக அனுப்புவானேன் என்று ஜெனரேட்டரை அதில் ஏற்றினார்கள். அது பின்னால், புகையும் இரைச்சலுமாக வந்தது. முன்னால் சீரியல் விளக்கு வரிசையின் நடுவில் லாரிக் கிழவன் ஊர்ந்தான். முதல் முனையில் வண்டி நிற்க, காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒருத்தி தேரில் ஏறினாள். ஓர் அம்பை உருவினாள், நெற்றியில் வைத்தாள், திரும்பச் செருகினாள். இடுப்பில் பிள்ளையோடு, ஒற்றைக் கையால், சரியாகச் செருகக்கூட இல்லை. அம்பு அப்படியே நின்றது.

ஜனம் ஜெபத்துக்கு நடுவில் ஒரு நொடி அமைதியாயிற்று. அப்போதுதான் செபஸ்தியானுக்குத் திக்கென்றது. பின்னால் ஜெனரேட்டர் இரைச்சலைத் தவிர, தன் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. நின்றுவிட்டதா? இத்தனை பேச்சுப் பேசிவிட்டு, இங்கேயா? கியர்க் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்தான். சின்னதாக ஒரு துடிப்பு இருந்தது, தூங்குகிற பூனையின் முதுகு மாதிரி.

பவனியில் ஹாரன் அடிக்கக்கூடாது என்பது கமிட்டி விதி. ஜான் பீட்டர் அதைக் காலையிலிருந்து மைக்கில் மூன்று முறை சொல்லியிருந்தான். செபஸ்தியான் ஒரு தரம் அடித்தான்.

"அத்தான்" என்று ஒலிபெருக்கி ஊர் முழுவதும் அதட்டியது.

செபஸ்தியான் இன்னொரு தரம் அடித்துவிட்டு முதல் கியரைப் போட்டான்.